விமானிக்கு அந்த இடி கேட்காது

தம்பி,

உன் படம் முடிந்து, பெயர்ப் பட்டியல் ஓடி முடித்து, எல்லோரும் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது, கறுப்புத் திரையில் என் பெயர் தனியாக வருகிறது. அதற்கு மேலே 'வரலாற்று உண்மைகளைச் சரிபார்த்தவர்' என்று போட்டிருக்கிறாய். மற்றவர்களின் பெயர்களெல்லாம் மேலே ஏறிப் போய்விட, என் பெயர் மட்டும் அசையாமல் நிற்கிறது. மரியாதை என்று நினைத்துத்தான் செய்திருப்பாய். இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுத்த ஒருவனுக்கு அது எப்படிப்பட்ட மரியாதை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வரும். நீ என் கதையை எல்லோர் முன்னாலும் சொன்னாய், அதனால் என் பதிலையும் எல்லோரும் படிக்கும்படி ஞாயிறு பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். அடுத்த மாதம் படம் நாடு முழுவதும் திரைக்கு வருகிறது. அதே வாரம் நீ வெளிநாட்டு வேலைக்கு விமானம் ஏறுகிறாய். அதற்குள் படத்தில் இரண்டு காட்சிகள் மாற வேண்டும், இல்லையென்றால் என் பெயர் அதிலிருந்து போக வேண்டும். முதலில் நீ எனக்குச் செய்ததைச் சொல்கிறேன். பிறகு நான் செய்ததை.

மூன்று மாதம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் பெருவாங் வீட்டுக்கு வந்தாய். அதற்கு முன்னால் தீபாவளிக்கு வருவதற்கே உன்னை நாலு முறை கூப்பிட வேண்டும். "அப்பா, ஒலியோட வேகத்த முதல்ல தாண்டுன விமானிங்களப் பத்திப் படம் எடுக்கப் போறேன். பாதிப் படம் அவங்க, பாதிப் படம் உங்களமாரி ஒரு தோட்டத்துப் பையன். நீங்கதான் ஃபேக்ட் எல்லாம் பாக்கணும்" என்றாய். எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. விருப்ப ஓய்வு எடுத்த பிறகு என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. அம்மா தோசை சுட்டுக்கொண்டே, "ஒங்கப்பா மொகத்தப் பாரு, கல்யாண மாப்புள மாரி" என்றாள். நாற்பத்தாறு பக்கம் கையால் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு காட்சிக்கும் எது நடந்தது, எது நடக்கவில்லை, எது நடந்திருக்கவே முடியாது என்று தனித்தனியாக எழுதினேன். நீ பக்கத்துக்குப் பக்கம் தலையாட்டினாய். "சரிப்பா, சரிப்பா." அந்த இரண்டாவது 'சரிப்பா'வை நான் கவனித்திருக்க வேண்டும். உண்மையாகவே ஒத்துக்கொள்கிற மாணவன் ஒரு முறைதான் சரி என்பான்.

நீ மாற்றாமல் விட்டவற்றில் சிறியதை முதலில் சொல்கிறேன். உன் படத்தில் விமானம் ஒலியைக் கடக்கும்போது பெரிய இடி கேட்கிறது, உள்ளே இருக்கும் விமானி அதைக் கேட்டுப் புன்னகைக்கிறான். விமானிக்கு அந்த இடி கேட்காது, தம்பி. அது அவனுக்குப் பின்னால் விரிந்து தரைக்குப் போகிறது. கீழே நிற்பவனுக்குத்தான் கேட்கும், அவன் வீட்டுக் கண்ணாடிதான் அதிரும். இதைப் பன்னிரண்டாம் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தேன். அடுத்தது, உன் விமானம் ஓடுபாதையில் ஓடி எழும்புகிறது. முதலில் ஒலியைக் கடந்த அந்த ராக்கெட் விமானம், பெரிய குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றிலிருந்து கீழே விடப்பட்டது. அதை ஓட்டியவருக்குக் குதிரையிலிருந்து விழுந்து விலா எலும்பு முறிந்திருந்தது. வலது கையை நீட்டிக் கதவைச் சாத்த முடியாததால், கூட இருந்த பொறியாளர் ஒரு துடைப்பக் கட்டையை அறுத்துக் கொடுத்தார், அதை வைத்து நெம்பி விமானி கதவைப் பூட்டினார் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். உலகத்தின் வேகமான விமானமும் ஒரு துண்டுத் துடைப்பக் கட்டையும்! இதைவிட நல்ல காட்சியை எந்த எழுத்தாளன் எழுதிவிடப் போகிறான்? நீ அதை வெட்டிவிட்டாய். "யாரும் நம்ப மாட்டாங்கப்பா" என்றாய். நடந்ததை நம்ப மாட்டார்கள் என்று எடுத்துவிட்டு, நடக்காததை நம்பும்படி எடுத்திருக்கிறாய்.

பெரியது இதுதான். விமானம் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது மூக்கு கீழே சாய்கிறது, கட்டுப்பாட்டுக் கம்பியை இழுத்தால் மூக்கு மேலே வரவில்லை. அப்போது உன் விமானி கண்ணை மூடி, இழுக்க வேண்டிய கம்பியை எதிர்ப்பக்கம் தள்ளுகிறான். விமானம் நிமிர்கிறது. இசை உயர்கிறது. தம்பி, அப்படித் தள்ளியிருந்தால் அவனைக் கரண்டியால் வழித்து எடுத்திருப்பார்கள். நடந்தது வேறு. வால் இறக்கையின் பின்னால் இருக்கும் சிறிய பலகையின் மேல் அதிர்ச்சி அலை உட்கார்ந்துகொண்டு, அதை வேலை செய்ய விடவில்லை. அதனால் அந்தப் பலகையை மட்டும் நம்பாமல், படுக்கையாக இருக்கும் வால் முழுவதையுமே அசையும்படி செய்தார்கள். அவ்வளவுதான். எந்த வீரனும் எதையும் தலைகீழாகச் செய்யவில்லை. கம்பியை எதிர்ப்பக்கம் தள்ளும் அந்தக் கதை சினிமாவில் பிறந்த கதை. அதை நீக்கச் சொல்லி ஏழு பக்கம் எழுதினேன். ஏன் ஏழு பக்கம் என்று உனக்குத் தெரியும். அந்தப் பொய்யை நம்பியதால்தான் என் வாழ்க்கை போயிற்று என்று நீ பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவன்.

ஆயர் குரோவில் முன்னோட்டக் காட்சி போட்டபோது முப்பது பேரை அழைத்திருந்தேன். பாதிப் பேர் என் பழைய மாணவர்கள். புக்கிட் காத்திலில் இருக்கும் இரசாயன ஆசிரியரையும் அழைத்தேன். அறிவியல் துறைத் தலைவர் பதவி எனக்கு வர வேண்டியது, அவருக்குப் போனது. எட்டு வருடம் அவரோடு நான் பேசவில்லை, அதை மறக்கவும் இல்லை. அவர் என் பெயரைத் திரையில் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அழைத்தேன். பார்த்தார். கழிவறைக்குப் போகும் வழியில் என் தோளில் கைபோட்டார். "என்னா சார், இத்தன வருசம் பௌதிகம் சொல்லிக் குடுத்துட்டுக் கடைசியில கம்பிய எதிர்ப்பக்கம் தள்ளச் சொல்லிட்டீங்களே! இனிமே நானும் காடிய லெஃப்டுல ஒடிக்கணும்னா ரைட்டுல ஒடிக்கிறேன் சார். போலீஸ்காரன் புடிச்சா ஒங்க பேரச் சொல்லிக்கலாமுல்ல?" பக்கத்தில் நின்ற என் மாணவன் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். தம்பி, அந்த மனிதர் என்னைவிட உயர்ந்தவர் என்று ஒரு நாள்கூட நான் ஒத்துக்கொண்டதில்லை. அன்று நான் ஒதுங்கி நின்று அவருக்கு வழிவிட்டேன். நீ கொஞ்சம் தள்ளி, யாருடனோ புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தாய்.

மறுநாள் காலை உனக்கு அழைத்தேன். நாம் பேசியது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

"ஏன்டா தம்பி அந்தக் காட்சிய வச்ச? ஏழு பக்கம் எழுதிக் குடுத்தேனே."

"அப்பா, உங்களுக்காகத்தான்பா வச்சேன்."

"எனக்காகவா?"

"ஆமாலா. அந்த மூணு பேரு பைலட் இன்டர்வியூல உங்களப் பாத்துச் சிரிச்சானுங்கல்ல? என் படத்துல அந்த டெக்னிக் உண்மையாவே வேல செய்யுது. அப்போ பையன் சொன்னதுதான் ரைட்டு, சிரிச்சவனுங்கதான் முட்டாளு. ஆடியன்ஸ் எப்படிக் கை தட்டுனாங்க பாத்தீங்களா? உங்கள ஜெயிக்க வச்சிருக்கேன்பா."

"அது நடக்கவே இல்லையேடா."

"பாக்க வர்றவங்க என்ன பரீட்சையா எழுதப் போறாங்க? ரிலேக்ஸ்லா, அப்பா."

நீ கம்பியைப் பற்றித்தான் நான் சொன்னதாக நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்துச் சொன்னேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது என்ன என்று எனக்கே கேட்டது. அன்று முழுவதும் உன்மேல் இருந்த கோபம் குறையவில்லை, இப்போதும் குறையவில்லை. ஆனால் அந்தக் கோபத்தின் அடியில் வேறொன்று கிடந்தது. அதை எடுத்து வெளியே வைக்காமல் உன்னைக் குற்றம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

ஜாசின் பாதையில் நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்தில் உன் தாத்தா லாரி ஓட்டினார். ஞாயிறு மத்தியானக் காட்சிக்கு லாரி நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு மலாக்கா டவுனுக்கு வருவார். தமிழ்ப் படம் இல்லாத வாரம் ஆங்கிலப் படம்தான். அதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. யாருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியுமோ அவனை வரிசையின் நடுவில் உட்கார வைப்பார்கள், அவன் படம் ஓட ஓடக் கதையைத் தமிழில் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வயதில் அந்த நடு நாற்காலி எனக்குக் கிடைத்தது. அன்று ஓடியது ஒரு பழைய விமானப் படம். எனக்குப் புரிந்தது பாதிதான். புரியாத இடத்தில் நானே சேர்த்தேன். விமானியின் அம்மா முருகனுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள் என்றுகூடச் சொன்னேன், அந்த வெள்ளைக்காரக் கிழவி கையில் தேநீர்க் கோப்பையோடு நின்றாள். "ஏண்டா, முருகன் அவளுக்கு என்னாடா ஒறவு?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெரியம்மா கேட்டாள். "நீ சும்மா இரு, அவன் சொல்லட்டும்" என்று பத்துக் குரல் அவளை அடக்கியது. விமானி கம்பியை மாற்றித் தள்ளியபோது நான் எழுந்து நின்றே கத்தினேன்: "எதிர்ப்பக்கம் தள்ளுறாரு! எதிர்ப்பக்கம் தள்ளுறாரு!" முப்பது பேர் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் படத்துக்கா எனக்கா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பொய்யை நம் வாயாலேயே உரக்கச் சொல்லி, அதற்கு மற்றவர்கள் கை தட்டிவிட்டால், பிறகு எந்தப் பாடப் புத்தகமும் அதை நம்மிடமிருந்து பிடுங்க முடியாது. அடுத்த ஏழெட்டு வருடம் நான் அதை நம்பினேன்.

ஆறாம் படிவம் முடித்த கையோடு விமானிப் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். நேர்முகத்துக்கு அழைத்தார்கள். மூன்று அதிகாரிகள். ஒலியின் வேகத்தைக் கடப்பதில் என்ன சிக்கல், எப்படித் தீர்த்தார்கள் என்று கேட்டார்கள். படத்தில் பார்த்ததைச் சொன்னேன். இதுவரை நீ அறிந்த கதை. இதற்கு மேல் நீ அறிந்தது, மூன்று பேரும் 'வாயாங், வாயாங்' என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், சினிமா பார்த்துவிட்டு வந்திருக்கிறான் தோட்டத்துப் பையன் என்று மேசையைத் தட்டினார்கள், நான் தலை குனிந்து வெளியே வந்தேன் என்பது. உன் படத்தில் அந்தச் சிரிப்பை இரண்டு நிமிடத்துக்கு இழுத்திருக்கிறாய். நடுவில் இருப்பவருக்கு ஒரு தங்கப்பல்லும் கொடுத்திருக்கிறாய். திரையரங்கில் எனக்குப் பின்னால் யாரோ அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள்.

தம்பி, யாரும் சிரிக்கவில்லை.

நடுவில் இருந்தவர் மூக்குக்கண்ணாடி போட்ட மலாய்க்காரர். நான் சொல்லி முடித்ததும், "இத்து வாயாங், டிக்" என்றார். அது சினிமா, தம்பி என்று மெதுவாகச் சொன்னார், வீட்டில் ஒரு அண்ணன் சொல்வதைப் போல. பிறகு என் விண்ணப்பத் தாளையே திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் ஒரு விமானத்தின் வாலை வரைந்தார். அதிர்ச்சி அலை எங்கே உட்காரும், வால் முழுவதும் ஏன் அசைய வேண்டும் என்று பத்து நிமிடம் விளக்கினார். அந்தத் தாளின் நகலை எனக்குக் கேட்டேன். சிரித்துக்கொண்டே வேறொரு தாளில் மறுபடி வரைந்து கொடுத்தார். அது ஒன்றுதான் அந்த அறையில் நடந்த சிரிப்பு. மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. நான் தேறியிருந்தேன். மருத்துவச் சோதனைக்கும், ஒரு பயிற்றுநரோடு முதல் முறை வானத்தில் ஏறிப் பார்ப்பதற்கும் நாள் குறித்திருந்தார்கள். வானத்தில் ஏறப் போவதைச் சொன்னால் பயப்படுவார் என்று, உன் தாத்தாவிடம் இன்னொரு நேர்முகம் என்று மட்டும் சொன்னேன்.

அந்த நாள் காலையில் உன் தாத்தா என்னை லாரியில் கொண்டுவந்து மலாக்கா பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டுப் போனார். கோலாலம்பூர் பஸ் நின்றது. நடத்துநர் கூவினார். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் படத்தில் மூக்கு கீழே சாய்ந்து தரை மேலே வருமே, அது மட்டும்தான் கண்ணுக்குள் ஓடியது. இனி எதிர்ப்பக்கம் தள்ளினால் நிமிரும் என்ற நம்பிக்கையும் இல்லை, அதைத்தான் அந்த நல்ல மனிதர் பென்சிலால் அழித்துவிட்டாரே. பஸ் போயிற்று. அடுத்த பஸ்ஸும் போயிற்று. ஒரு கடையில் மீ கோரெங் சாப்பிட்டேன். பாச்சாங் வரை நடந்து போய்த் திரும்பினேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது உன் தாத்தா, "என்னாடா ஆச்சு?" என்றார். பயந்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் அவமானப்பட்டு வந்தவனுக்குச் சோறு போட்டுப் பக்கத்தில் உட்காருவார்கள். பயந்து வந்தவனை அவன் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் கேலி செய்வார்கள். "படத்துல பாத்ததச் சொன்னேம்பா. மூணு பேரும் சிரிச்சிட்டாங்க" என்றேன்.

அவர் நம்பினார். லாரியின் பானெட்டை ஒரு முறை அறைந்தார், அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு லாரி டவுனுக்குப் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. ஆட்கள் வந்து கேட்டபோது, "எம் மவன சினிமாதான் கெடுத்துச்சு. இனிமே எவனையும் சினிமாவுக்கு ஏத்திக்கிட்டுப் போவ மாட்டேன், வேணும்னா சைக்கிள்ல போ" என்றார். முப்பது பேரின் ஞாயிற்றுக்கிழமை என் ஒரு வாக்கியத்தால் போயிற்று. தோட்டத்தை விட்டு வெளியேறும்வரை அவர் மாறவில்லை. சாகும் வரை ஒரு படமும் பார்க்கவில்லை. வீட்டில் டிவி ஓடினால் எழுந்து வெளியே போவார். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். பிறகு உன் அம்மாவிடம் அதே கதையைச் சொன்னேன், வகுப்பில் வருடா வருடம் சொன்னேன், கடைசியில் உன்னிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்த மூன்று பேரும் இன்னும் உரக்கச் சிரித்தார்கள். அவர்கள்மேல் எனக்கு உண்மையான வெறுப்பே வந்துவிட்டது. பதவி கிடைக்காத போதெல்லாம், எவனாவது என்னை முந்திக்கொண்டு போன போதெல்லாம், முதலில் சிரித்தவர்கள் அவர்கள்தானே என்று நினைத்துக்கொள்வேன். இடியை உண்டாக்கியவனுக்கு அது கேட்பதில்லை என்று உனக்குச் சிவப்பு மையில் எழுதினேனே, எழுதும்போது எனக்கு அது கேட்கவில்லை.

நேற்று அம்மாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்கவில்லை. "அப்போ முப்பது வருசமா அந்த மூணு பேத்தையும் நான் மாரியம்மன் கோயில்ல சபிச்சதெல்லாம்?" என்றாள். பிறகு வெங்காயத்தைச் சட்டியில் போட்டுவிட்டு, "புள்ளக்கிட்டச் சொல்லிடுங்க. அவன் பிளைட்டு ஏறுனதுக்கப்புறம் சொன்னீங்கன்னா, அது சொன்னதுல சேத்தியில்ல" என்றாள்.

அதனால் சொல்கிறேன். இதனால் நீ செய்தது சிறியதாகிவிட்டது என்று நினைக்காதே. நான் வீட்டிலும் வகுப்பிலும் பொய் சொன்னேன், நீ என் கையெழுத்தைப் போட்டு ஊருக்குச் சொன்னாய். நான் பயத்தில் சொன்னேன், நீ நாற்பத்தாறு பக்கத்தைப் படித்துவிட்டுச் சொன்னாய். ஒருவன்மேல் உள்ள பாசத்துக்காக விமானத்தின் வாலைத் திருத்தக் கூடாது, தம்பி. நீ என்னை ஜெயிக்க வைக்கவில்லை. நான் ஒளிந்துகொண்டிருந்த இடத்துக்கு மேலே ஒரு விளக்கைப் போட்டுவிட்டு, இதுதான் மேடை என்று சொல்லிவிட்டாய். நீ போகும் ஊரில் இன்னும் பெரிய படங்கள் செய்வாய். உன்னிடம் கதை சொல்ல வருபவர்கள் எல்லோரும் என்னைப்போலத்தான் இருப்பார்கள். யாரால் காயம் பட்டது என்று உரக்கச் சொல்லுவார்கள். அன்று பஸ் நிலையத்தில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்ல மாட்டார்கள். அதை நீதான் கேட்க வேண்டும். என்னிடம் நீ ஒரு முறைகூடக் கேட்கவில்லை. விமானத்தைப் பற்றிய உண்மைகளைச் சரிபார்க்க என்னை வைத்தாய், என்னைப் பற்றிய உண்மைகளைச் சரிபார்க்க யாரையும் வைக்கவில்லை.

அந்தத் தேர்வுக் கடிதமும், அந்த அதிகாரி வரைந்த வாலின் படமும் என்னிடம் இன்னும் இருக்கின்றன. என் பழைய பௌதிக நூலுக்குள், உன் தாத்தா தொடமாட்டார் என்று தெரிந்த இடத்தில் வைத்திருந்தேன். இரண்டையும் அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். வந்து வாங்கிக்கொள். கம்பியைத் தள்ளும் காட்சியை நீக்கிவிட்டு, வால் முழுவதும் அசையும்படி மாற்று, அவர் வரைந்த வாலைப் பார்த்து வரைந்துகொள். தங்கப்பல்லையும் அந்த இரண்டு நிமிடச் சிரிப்பையும் வெட்டிவிடு. அந்த இடத்தில் நடந்ததை வை. அவரிடம் இருந்த பென்சில் முனை மழுங்கியிருந்தது. வெளியே பத்துப் பேர் காத்துக்கொண்டிருந்தார்கள், பக்கத்தில் இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து, ஒரு பிளேடை எடுத்து, தவறான பதில் சொன்ன ஒரு தோட்டத்துப் பையனுக்காக நிதானமாகப் பென்சில் சீவினார். அதை வை. யாரும் நம்ப மாட்டார்கள் என்று படத்துக்குப் பணம் போட்ட உன் முதலாளி சொல்லுவார். சொல்லட்டும்.

வைத்தால் என் பெயரைப் போடு. இல்லையென்றால் அந்தத் திரையைக் கறுப்பாகவே விடு.

அப்பா